சத்தியம் வாங்குமுன் வைத்தியரிடம் அனுப்புங்கள்: திருகோணமலையின் ஊர்ச் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆலய பரிபாலன சபையினர், பள்ளிவாசல் நிர்வாகத்தினர், தேவாலயப் பங்குச் சபையினர், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தினர், கிராம அபிவிருத்திச் சங்கத்தினர் அனைவருக்கும்,

வணக்கம்.

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே குச்சவெளி வரையிலும், தெற்கே கிண்ணியா, மூதூர் தாண்டி வெருகல் வரையிலும் உள்ள ஊர்களில், குடிக்கும் போதைவஸ்துக்கும் எதிராக உங்கள் சபைகள் கூட்டம் கூடித் தீர்மானம் எடுப்பதும், கசிப்புக் காய்ச்சும் இடங்களைப் பொலிசாருக்குக் காட்டிக்கொடுப்பதும், குடித்தவரைச் சன்னிதியில் நிறுத்திச் சத்தியம் வாங்குவதும் புதிய செய்திகள் அல்ல. பிறர் சுவரொட்டி ஒட்டுவதோடு நின்றுவிட்ட இடங்களில், ஊரைப் பற்றிக் கவலைப்பட்டு இறங்கியவர்கள் நீங்கள்தான். அந்த மரியாதையோடுதான் இம்மடலை எழுதுகிறேன். அரச வைத்தியசாலைகளின் மருத்துவ விடுதிகளில் நெடுங்காலம் தாதியாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற வகையில், உங்கள் நடைமுறையில் ஒன்றே ஒன்றை மாற்றும்படி கேட்கிறேன். நாள்தோறும் குடிக்கும் ஒருவரிடம் "இன்றோடு விட்டேன்" என்று சத்தியம் வாங்குமுன், அவரை ஒரு வைத்தியரிடம் அனுப்புங்கள்.

இப்படிக் கேட்பது சிலருக்கு விசித்திரமாகப் படலாம். குடியை விடுவது நல்லதுதானே, நல்ல காரியத்துக்கு வைத்தியர் எதற்கு என்று கேட்பீர்கள். பல வருடங்கள் நாள்தோறும் குடித்த ஒருவரின் மூளை மதுசாரத்தின் அமுக்கத்துக்குப் பழகி, அதை ஈடுசெய்வதற்காகத் தன்னை எப்போதும் முடுக்கிவிட்ட நிலையில் வைத்திருக்கிறது. அமுக்கம் திடீரென நீங்கும்போது முடுக்கம் மட்டும் எஞ்சுகிறது. கடைசியாகக் குடித்து ஆறு, எட்டு மணித்தியாலங்களில் கை நடுங்கத் தொடங்கும். வியர்க்கும், வயிற்றைப் புரட்டும், நித்திரை வராது. முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில், அவர்களுள் ஒரு பகுதியினருக்கு, மருத்துவர்கள் டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று சொல்லும் சன்னி காணும்: காய்ச்சலும் வேகமான நாடித் துடிப்பும் கூடவர, இரவு பகல் தெரியாமல், இல்லாததைக் கண்டு, இருப்பவரை அடையாளம் தெரியாமல் தவிப்பார்கள். சிகிச்சையின்றி விட்டால் இது உயிரைக் கொண்டுபோகக்கூடியது. குடித்ததால் அல்ல, குடியைத் திடீரென நிறுத்தியதால் வருகிற மரணம் இது என்பதை நம் ஊர்களில் மிகச் சிலரே அறிந்திருக்கிறார்கள்.

ஒரு கந்தசஷ்டிக் காலத்தில் கரைவலைத் தொழிலாளி ஒருவரை எங்கள் விடுதிக்குக் கொண்டுவந்தார்கள். விரதத்தின் முதல் நாளே, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில், கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தார். அதுவரை நாளொன்றுக்கு அரைப்போத்தல் சாராயத்துக்குக் குறையாமல் குடித்தவர் என்பதைப் பின்னரே மனைவி சொன்னார். மூன்றாம் நாள் தன்பாட்டில் பேசத் தொடங்கியதும், வீட்டார் தண்ணீர் ஓதி, நூல் கட்டி, வாசலில் எலுமிச்சம்பழம் வெட்டியிருக்கிறார்கள். வலிப்பு வந்த பிறகுதான் ஓட்டோ பிடித்திருக்கிறார்கள். நள்ளிரவில் அந்த மனிதர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, காலைக் கட்டில் சட்டத்தில் உதைத்து ஊன்றி, கைக்கு மேல் கை மாற்றி, இல்லாத கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். தாளம் பிசகவில்லை. "இழுங்கடா, மடி கரைக்கு வருது" என்று பக்கத்துக் கட்டில்காரர்களை ஏசினார். இடையிடையே கையை உதறி, தோளில் ஒட்டியிருந்த ஏதோவொன்றைத் தட்டிவிட்டார். "மிஸ், இவருக்குக் கடலில செத்தவங்கட பேய் பிடிச்சிட்டுது" என்று மனைவி என் கையைப் பிடித்து அழுதார். பேயுமில்லை, பைத்தியமுமில்லை. செய்த தொழிலையே சன்னியில் செய்துகொண்டிருப்பது இந்த நோயில் வழமையாகக் காணப்படுகிற ஒன்று. ஊசி மூலம் தயமின் எனப்படும் விற்றமின் பி1 கொடுத்து, மூளையின் முடுக்கத்தைத் தணிக்கும் டயசிபாம் கொடுத்து, சேலைன் ஏற்றி, விளக்கை அணைக்காமல் ஆள் மாறி ஆள் பக்கத்தில் இருந்தோம். ஒரு கிழமையில் தெளிந்து, தான் வலை இழுத்த கதையைத் தானே கேட்டு வெட்கப்பட்டார். வீட்டுக்குத் திரும்பியபோது ஊரில் அவருக்குக் கிடைத்த பெயர் "விரதத்தைக் குழப்பியவன்" என்பதாகும்.

விரதத்தின் மீதோ நேர்த்தியின் மீதோ எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. ஐயப்பனுக்கு மாலை போட்ட நாற்பத்தொரு நாளில் குடியை விட்டு, பிறகு அந்தப் பக்கமே போகாதவர்கள் என் உறவினரிலேயே இருக்கிறார்கள். நோன்பு காலத்திலும் தவக்காலத்திலும் அப்படி மீண்டவர்கள் உண்டு. கதிர்காமத்துக்குப் பாதயாத்திரையாக வெருகலைக் கடந்து நடப்பவர்களில் குடியை விடுவதற்காகவே நடப்பவர்கள் உண்டென்பதும் நமக்குத் தெரியும். ஒருவருடைய மனத்தைத் திருப்பும் பலம் மருந்துச்சீட்டைவிட உங்கள் சன்னிதிகளுக்கு அதிகம் உண்டு என்பதே என் எண்ணம். ஆனால் மனம் திரும்பிய அந்த நாளில் உடம்பு என்ன நிலையில் இருக்கிறது என்பதைச் சன்னிதியில் வைத்துச் சொல்ல முடியாது. கிழமைக்கு ஒருமுறை குடிப்பவருக்குச் சத்தியம் போதும். விடிய எழுந்ததும் குடிக்காவிட்டால் கை நடுங்குபவருக்கு, அதே சத்தியம் வைத்தியசாலைக்கு வெளியே நடக்கும் ஆபத்தான சிகிச்சையாகிவிடுகிறது. இவ்விருவரையும் நீங்கள் ஒரே வரிசையில் நிறுத்துகிறீர்கள்.

யார் எந்த வகை என்பதை அறிவது அவ்வளவு கடினமல்ல. அதற்கு டொக்டராக வேண்டியதில்லை. கடற்கரையில் கண் திறந்திருந்தால் போதும். விடியற்காலையில் தூண்டில் வளையத்துக்குள் நரம்பைக் கோக்க முடியாமல் தடுமாறி, பக்கத்தில் இருக்கும் பொடியனிடம் கொடுத்துக் கோப்பிப்பவரைக் கவனியுங்கள். கரையில் உள்ள மீனவர் குடிலான வாடிக்குப் பின்னால் போய்வந்து கால் மணித்தியாலத்தில் அதே கை நிலையாக நின்று முடிச்சுப் போடுமானால், அவர் உற்சாகத்துக்காகக் குடிக்கவில்லை. நடுக்கத்தை நிறுத்துவதற்காகக் குடிக்கிறார். முன்பு கால்போத்தலில் வெறித்தவர் இப்போது அரைப்போத்தல் குடித்தும் நிதானமாகப் பேசுகிறார் என்றால், "ஆள் நல்ல தாங்குசக்தி" என்று கூட்டாளிகள் மெச்சுவார்கள். மெச்சத்தக்கது அதில் எதுவுமில்லை, நோய் முற்றியதன் அடையாளம் அது. 33 வீத மதுசாரமுள்ள சாராயம் அரைப்போத்தல், அதாவது 375 மில்லிலீற்றர் என்றால், அதில் 100 கிராமுக்குச் சற்றே குறைவான தூய மதுசாரம் இருக்கிறது. "நான் சாராயம் தொடுவதில்லை, பியர் மட்டும்தான்" என்று சொல்பவர்கள், 9 வீதத்தை அண்மித்த ஸ்ட்ரோங் பியரின் பெரிய போத்தல் ஒன்றிலேயே 40 கிராமுக்கு மேல் இருக்கிறது என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. மூன்று போத்தல் பியர் குடிப்பவர் அரைப்போத்தல் சாராயக்காரரைத் தாண்டிவிட்டார்.

வைத்தியர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் நான்கு கேள்விகள் உண்டு. குடியைக் குறைக்க வேண்டும் என்று நீங்களே எப்போதாவது நினைத்திருக்கிறீர்களா? உங்கள் குடியைப் பற்றி மற்றவர்கள் பேசினால் எரிச்சல் வருகிறதா? குடித்ததை நினைத்துக் குற்றவுணர்வு பட்டிருக்கிறீர்களா? காலையில் உடம்பை நிமிர்த்துவதற்காக முதல் வேலையாகக் குடித்ததுண்டா? இரண்டுக்கு "ஓம்" என்று பதில் வந்தாலே ஒரு வைத்தியரோடு பேச வேண்டிய நிலை என்று கொள்ளலாம். கடைசிக் கேள்விக்கு "ஓம்" என்பவரைத் தனியாகக் குடியை நிறுத்த விடக்கூடாது. இந்தக் கேள்விகளைக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்திக் கேட்காதீர்கள். சபை நடுவே உண்மை சொல்ல யாராலும் முடியாது. அவர் நம்புகிற ஒருவர், அவருடைய மைத்துனரோ, வலைக்கும் தோணிக்கும் உரிமையாளரான சம்மாட்டியோ, தோணி மறைவில் குந்தியிருந்து கேட்டால் பதில் வரும்.

"நான் வேலைக்குப் போகிறேன், பெண்சாதி பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறேன், நான் எப்படிக் குடிகாரன்?" என்ற வாதத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். வேலைக்குப் போவது நோயில்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது. 2022ஆம் ஆண்டு ஜனவரியில் நடைமுறைக்கு வந்த, உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆவது பதிப்பு, தங்கியிருத்தல் எனும் இந்நோய்க்கு மூன்று அடையாளங்களைச் சொல்கிறது: எப்போது, எவ்வளவு என்பதில் பிடி தளர்வது, மற்ற எல்லாவற்றையும் பின்தள்ளி அது முன்னுக்கு வருவது, உடம்பு அதற்குப் பழகி, கிடைக்காதபோது முறைப்பாடு செய்வது. இவற்றுள் இரண்டு இருந்தாலே நோய்தான். வேலை போவது, வீடு பிரிவது எல்லாம் பெரும்பாலும் பிந்தி வருபவை. அவை வரும்வரை காத்திருப்பது, புற்றுநோய்க் கட்டி வெளியே தெரியும்வரை காத்திருப்பதற்குச் சமம்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கரையில் பங்கு பிரிக்கும்போது காசோடு போத்தலையும் சேர்த்து வைக்கும் வழக்கம் நம் வாடிகளில் சிலவற்றில் இன்னும் இருக்கிறது. கடற்றொழிலாளர் சங்கங்கள் ஒரு கையால் மதுவொழிப்புத் தீர்மானத்தில் ஒப்பமிட்டு, மறு கையால் இதைக் காணாததுபோல விடுவது முறையல்ல. வாடைக்காலத்தில் கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும் மாதங்களில், வேலையில்லாத பகல்களில்தான் பலருடைய மாலைக் குடி காலைக் குடியாக மாறுகிறது என்பதும் உங்களுக்குப் புதிதல்ல.

இளைஞர்களின் நிலை வேறு. அவர்களிடம் சாராயத்தின் கணக்கு செல்லாது. ஐஸ் எனப்படும் மெத்தம்பெற்றமின் போதைப்பொருளைப் பாவிப்பவர் இரவிரவாக விழித்திருப்பார், உடம்பு வற்றும், சாப்பாட்டில் நாட்டம் இராது, யாரோ தன்னைப் பின்தொடர்வதாகச் சந்தேகப்படுவார். நிறுத்தியவுடன் நாட்கணக்கில் உறங்கி, பிறகு எதிலும் பிடிப்பில்லாத ஒரு துயரத்துக்குள் விழுவார். அந்த நாட்களில் தற்கொலை எண்ணம் வரக்கூடும். அவரை அறைக்குள் பூட்டி வைத்து "திருந்தட்டும்" என்று விடுகிற பெற்றோருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஐஸை மறக்கச் செய்கிற தனியான மருந்து இன்னும் இல்லை. ஆனால் சந்தேகத்துக்கும் துயரத்துக்கும் மருந்துண்டு, பழக்கத்தை மாற்றும் உளவளத்துணை உண்டு. நரம்பு வலிக்கும் வலிப்புக்கும் எழுதப்படுகிற பிரகபலின் குளிசையைப் போதைக்காக விழுங்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அதையும் அளவுக்கு மீறி எடுத்துத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம்.

ஹெரோயின், அதாவது பொடியன்கள் தூள் என்றும் குடு என்றும் சொல்வது, நிறுத்தியபின் கொடுமையான உடல்வலியையும் வயிற்றோட்டத்தையும் நித்திரையின்மையையும் ஒரு கிழமையளவு தரும். அது பெரும்பாலும் உயிரைப் பறிப்பதில்லை. உயிர் போவது அதற்குப் பிறகுதான். சில கிழமைகள் பாவிக்காமல் இருந்த உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. மறியலில் இருந்தோ, முகாமில் இருந்தோ, உறவினர் வீட்டுக் காவலில் இருந்தோ வெளியே வந்த பையன், முன்பு எடுத்த அளவையே மீண்டும் எடுக்கும்போது மூச்சு நின்றுவிடுகிறது. ஆகவே பிள்ளை திரும்பி வந்த முதல் சில கிழமைகளில் ஊர் அவனிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் போல ஆபத்தான காரியம் வேறில்லை. "அந்த வீட்டு நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது" என்ற தீர்மானம், விற்பவனுடைய வீட்டுக்கானால் எனக்கு ஆட்சேபம் இல்லை. விற்பவனைப் பொலிஸ் பார்த்துக்கொள்ளட்டும். 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சாராயமோ சிகரெட்டோ விற்கும் கடையையும் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தைக் காட்டிக் கேளுங்கள். பாவிப்பவனையும் விற்பவனையும் ஒரே தீர்மானத்தில் சேர்த்துக் கட்டுவதைத்தான் நான் மறுக்கிறேன்.

பெண்களைப் பற்றி உங்கள் தீர்மானங்கள் எதுவும் பேசுவதில்லை. நித்திரைக் குளிசையிலும் வலிக் குளிசையிலும் பழகிப்போன பெண்கள் நம் வீடுகளுக்குள்ளேயே இருக்கிறார்கள். குடிக்கும் பெண்களும் இருக்கிறார்கள். ஆணுக்குக் கிடைக்கிற பரிகாசத்தைவிடப் பத்து மடங்கு பழி அவர்களுக்குக் கிடைக்கும் என்பதால், குடும்பநல உத்தியோகத்தரிடம்கூட வாய் திறப்பதில்லை. குடிப்பவரின் மனைவியர் வேறொரு வழியில் மறைக்கிறார்கள். சம்மாட்டியிடம் "அவருக்குக் காய்ச்சல்" என்கிறார்கள், கடன்காரனிடம் தவணை கேட்கிறார்கள், பிள்ளைகளிடம் "அப்பா களைச்சுப்போனார்" என்கிறார்கள். அவர்கள் கேட்டு நான் சலித்துப்போன ஒரு கேள்வி, அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்க மருந்து இருக்கிறதா என்பது. இருக்கிறது, அதுதான் பயம். டைசல்பிரம் என்ற மருந்தை எடுத்தவர் மேலே மதுவைக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் விழும். இருதயம் பலவீனமானவர் இறந்தும் போகலாம். குடிப்பவருடைய சம்மதத்தோடு, ஈரலையும் இருதயத்தையும் பரிசோதித்துப் பார்த்து, வைத்தியர் கொடுக்க வேண்டிய மருந்து அது. விளம்பரத்தில் வருகிற பெயர் தெரியாத தூள்களில் என்ன இருக்கிறது என்பதை விற்பவரும் சொல்வதில்லை. தயவுசெய்து உங்கள் மாதர் சங்கங்களில் இதை ஒருமுறையாவது பேசுங்கள்.

சரி, எங்கே அனுப்புவது? மாவட்டப் பொது வைத்தியசாலையில் உளநல மருத்துவப் பிரிவு இருக்கிறது. கிண்ணியா, மூதூர் பகுதியினர் தங்கள் ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் தொடங்கலாம். "மனநோய் வாட்டுக்குப் போனான்" என்ற பேச்சுக்குப் பயந்தவர்கள் சாதாரண வெளிநோயாளர் துண்டு எடுத்து, "நான் ஒவ்வொரு நாளும் குடிக்கிறேன், நிறுத்த வேண்டும், நிறுத்தினால் நடுங்குகிறது" என்று வைத்தியரிடம் சொன்னாலே போதும். அந்த மூன்று வசனமும் அவருக்குத் தேவையான எல்லாவற்றையும் சொல்லிவிடும். அரச வைத்தியசாலையில் இதற்குக் காசு இல்லை. தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 1984ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது. அதன் தொலைபேசி இலக்கம் 1927. தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் 1926. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய மேசை எங்கே இருக்கிறது என்பதை உங்கள் செயலாளர் ஒருமுறை போய்ப் பார்த்துவந்தால் நல்லது.

தங்கியிருந்து சிகிச்சை பெறும் நிலையங்களைப் பற்றியும் ஒரு சொல். கட்டுப்பாட்டுச் சபையின் நிலையங்கள் தலங்கம, நிட்டம்புவ, கண்டி, காலி என்று நமக்குத் தொலைவில் இருக்கின்றன. தமிழ் மட்டும் பேசும் ஒருவரை அனுப்புமுன், அங்கே தமிழில் உளவளத்துணை செய்வோர் இருக்கிறார்களா என்று 1927க்கு அழைத்துக் கேளுங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று உங்கள் சபையின் கடிதத்தாளில் எழுதிக் கேளுங்கள். தனியொரு தாய் கேட்டால் கிடைக்காத பதில், ஆலய பரிபாலன சபையும் பள்ளிவாசல் நிர்வாகமும் சேர்ந்து கேட்டால் கிடைக்கும். தனியார் நிலையங்களுக்கு அனுப்பும் பெற்றோர், அனுமதிப்பத்திரத்தைக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். போதைப்பொருளில் தங்கியிருப்போரின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்குமான 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் அதை வேண்டுகிறது. கட்டிவைத்து அடித்துத் திருத்துவதாகச் சொல்லும் எந்த இடத்துக்கும் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள்.

நாட்கூலிக்காரருக்கு வைத்தியசாலைக் கட்டில் என்பது வருமானம் நின்றுபோன ஒரு கிழமை. அவர் வராமல் இருப்பதற்குக் காரணம் பல வேளைகளில் இதுதான், மனமின்மை அல்ல. குடித்துவிட்டுக் கோயிலடியில் குழப்பம் செய்தவர்களிடம் சில சபைகள் தண்டப்பணம் அறவிடுகின்றன. அந்தக் காசைத் தேருக்கு வர்ணம் பூசவோ ஒலிபெருக்கி வாங்கவோ செலவிடாமல், சிகிச்சைக்குப் போகிற தொழிலாளியின் வீட்டுக்கு அந்த ஒரு கிழமைக்கான அரிசி, மாவு, தேங்காய் வாங்கிக் கொடுப்பதற்கு ஒதுக்கினால் என்ன? கடற்றொழிலாளர் சங்கங்கள் வலைக்கும் இயந்திரத்துக்கும் கடன் கொடுக்கின்றன. சிகிச்சைக் காலத்துக்கும் ஒரு சிறு முற்பணம் கொடுக்கலாம். திரும்பிவந்தவருக்கு அதே தோணியில் இடம் உண்டு என்று சம்மாட்டி முன்கூட்டியே வாக்குக் கொடுத்தால், அதற்கு நிகரான மருந்து எந்த மருந்தகத்திலும் இல்லை.

மீண்டவர்கள் சிலர் மறுபடியும் குடிப்பார்கள். இதை முன்னரே சொல்லிவிடுவது நல்லது. அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனம், சிகிச்சை பெற்றவர்களில் 100க்கு 40 முதல் 60 பேர் வரை மீண்டும் வழுக்குவதாகச் சொல்கிறது. உயர் இரத்த அழுத்தத்துக்கும் தொய்வுக்கும் மருந்தெடுப்பவர்கள் மீண்டும் சுகவீனமடையும் வீதமும் ஏறத்தாழ அவ்வளவுதான். பிரஷர் ஏறிக் கிளினிக்குக்குத் திரும்பி வருகிற ஐயாவை நாம் யாரும் "சத்தியம் மீறியவர்" என்று சொல்வதில்லை. மருந்தின் அளவை மாற்றிக் கொடுத்து அனுப்புகிறோம். சத்தியத்தை மட்டுமே கையில் வைத்திருக்கும் ஊரில், ஒருமுறை வழுக்கியவருக்கு மறுபடி வந்து நிற்க முகம் இல்லாமல் போகிறது. தெய்வத்தையும் ஊரையும் ஒருங்கே ஏமாற்றியவன் என்ற எண்ணத்தோடு அவர் முன்னையிலும் அதிகமாகக் குடிப்பார். கிளினிக்கின் வாசலில் அந்தப் பயம் இல்லை. குடியை விட்டவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசுகிற முறை ஒன்று அமெரிக்காவில் 1935இல் இரண்டு குடிநோயாளர்கள் சந்தித்துப் பேசியதிலிருந்து தொடங்கி, இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. அதற்கு வேண்டியது ஒரு அறை, சில கதிரைகள், தேநீர், கேட்டதை வெளியே சொல்லாத ஒழுக்கம். கிழமையில் ஒரு மாலை உங்கள் மண்டபத்தின் பின்னறையை இதற்குத் தர முடியுமா என்று யோசியுங்கள். கூட்டத்தில் சபை உறுப்பினர் எவரும் போய் உட்காராமல் இருப்பதும் இந்த உதவியில் அடங்கும்.

இவற்றுள் எதைச் செய்ய முடியாவிட்டாலும், ஒன்றைச் செய்யப் பணமும் வேண்டாம், புதிய தீர்மானமும் வேண்டாம். கந்தசஷ்டி, ஐயப்பன் மாலை, நோன்பு, தவக்காலம், பாதயாத்திரை ஆகியவை எப்போது வரும் என்பது உங்கள் நாட்காட்டியில் இருக்கிறது. அவற்றுக்கு இரண்டு கிழமைக்கு முன்னர், வழமையான அறிவித்தல்களோடு பின்வருவதையும் ஒலிபெருக்கியில் வாசியுங்கள். ஜும்ஆவுக்குப் பின்னரும் பூசைக்குப் பின்னரும் ஒருவர் வாயால் சொன்னாலும் சரி:

"இம்முறை குடியை விட நினைப்பவர்களுக்கு ஊர் துணை நிற்கும். நாள்தோறும் குடிப்பவர்களும், குடிக்காவிட்டால் கை நடுங்குபவர்களும், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர்களும், தாங்களாகத் திடீரென நிறுத்த வேண்டாம். விரதம் தொடங்குமுன் வைத்தியசாலைக்குப் போய் வைத்தியரைக் காணுங்கள். கூட வர ஆள் வேண்டுமென்றால் செயலாளரிடம் தனியாகச் சொல்லுங்கள். நிறுத்திய ஒருவர் தன்பாட்டில் பேசினாலோ, இல்லாததைக் கண்டாலோ, வலிப்பு வந்தாலோ, வீட்டில் வைத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். ஆலோசனைக்கு 1927, 1926."

வாசகத்தை உங்கள் ஊர்ப் பேச்சுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். நடுக்கம், வலிப்பு, வைத்தியசாலை என்ற மூன்றும் மட்டும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தச் சபையாவது கூட்டத்துக்கு அழைத்து விளக்கம் கேட்டால், தாதிய உடுப்பைக் கழற்றிவைத்த பிறகும் வந்து சொல்ல நான் ஆயத்தமாக இருக்கிறேன். மாதர் சங்கங்கள் தனியாக அழைத்தால் இன்னும் நல்லது. அங்கே கேள்விகள் கூடுதலாக வரும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர் ஒருவர்,
திருகோணமலை.